உஷார்! தூக்கம் தொலைந்தால் அது 'சக்தி எழுந்தது' அல்ல

கேரள எல்லையில் குமுளி, மறையூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவசரமாக ஒரு சொல். உடலில் உறங்கும் சக்தியை எழுப்புவதாகச் சொல்லும் குண்டலினிப் பயிற்சி செய்யும் உங்கள் வீட்டு ஆள் மூன்று நான்கு இரவாகக் கண் மூடவில்லை, ஆனாலும் களைப்பே தெரியவில்லை என்கிறார். பேச்சு ஓயவில்லை. உச்சந்தலை கொதிக்கிறது, காதில் குரல் கேட்கிறது என்கிறார். இந்த நிலையில் "சக்தி ஏறிவிட்டது, தொந்தரவு செய்யாதீர்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தூங்காமலே தெம்பாக இருப்பது 'மேனியா' என்னும் மனநோயின் முக்கிய அறிகுறி. ஞானம் வந்துவிட்டதாக நம்பி வீட்டிலேயே வைத்திருந்தால் நோய்தான் முற்றும்.

யோகத்தில் பலன் இல்லையா? உண்டு. அமெரிக்காவில் தீராத பதற்ற நோய் உள்ள 226 பேரிடம் 12 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. குண்டலினி யோகம் செய்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் அது 33 சதவீதம். ஆனால் மனநல நிபுணரின் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம்! ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தச் சிகிச்சையின் பலன் நிலைத்திருந்தது. யோகத்தின் பலன் அப்படி உறுதியாக நிற்கவில்லை. ஆகவே யோகத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாத்திரைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. வலிப்புக்கோ மனநோய்க்கோ சாப்பிடும் மாத்திரையைப் 'பயிற்சி தொடங்கியாயிற்றே' என்று சட்டென நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

பாலக்காட்டு எல்லையைத் தாண்டினால், பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் ஆழியாறு. எளியமுறைக் குண்டலினி யோகத்தை வகுத்த வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில் அங்கேதான் இருக்கிறது. அவர் புருவ மத்தியில் மனதை வைக்கும் ஆக்கினைத் தவத்தைத் தந்ததோடு விடவில்லை. நெற்றியில் அழுத்தமோ சூடோ மிகுந்தால் சக்தியை முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கிக்கொள்ளச் சாந்தித் தவத்தையும் சேர்த்தே கற்பித்தார். ஏற்றத் தெரிந்தவர் இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற அக்கறை அது. உடற்பயிற்சி, தீட்சை, பிறகு படிப்படியாகத் தவம் என்ற வரிசையும் அதற்காகத்தான். ஹட யோகத்தின் பழைய நூலான ஹட யோகப் பிரதீபிகையே, பிராணாயாமம் பிசகினால் விக்கல், இரைப்பு, தலைவலி, கண் காது நோய் வரும் என்று எச்சரிக்கிறது. அப்படியிருக்க, இரண்டு நாள் முகாமில் குண்டலினியை எழுப்பித் தருகிறோம் என்பவரை எப்படி நம்புவது?

குருவின் துணையில்லாமல் போனவர் கதையும் கண்முன் இருக்கிறது. காஷ்மீரத்துப் பண்டிதர் கோபி கிருஷ்ணா அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. 17 ஆண்டுகள் தானாகவே தியானம் செய்துவந்தார். 1937 டிசம்பரில் ஒரு காலைப் பொழுதில் முதுகெலும்பு வழியே ஒளி பாய்ந்தது என்று எழுதினார். அடுத்து வந்தவை உடல் முழுக்க எரிச்சல், தூக்கமின்மை, சோற்றைக் கண்டால் வெறுப்பு, சாவு பயம். பல ஆண்டுகள் அவதிப்பட்டார். அவர் பிழைத்தார் என்பதால் நீங்களும் அந்தச் சோதனையில் இறங்க வேண்டியதில்லை.

உடம்புக்கு வரும் ஆபத்து வேறு. 'நெருப்பு மூச்சு' என்று வேகமாக மூச்சை வெளியே தள்ளும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், விரல் மரத்துக் கூசும். அதையும் 'சக்தி பாய்கிறது' என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள்! இதே போன்ற வேக மூச்சுப் பயிற்சியான கபாலபாதியை மிகையாகச் செய்த 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கியது 2004 இல் மருத்துவ இதழில் பதிவானது. சிரசாசனத்தில் கண்ணழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006 இல் அளந்து காட்டினார்கள். கிளாக்கோமா உள்ளவர் தலைகீழாக நிற்கவே கூடாது. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சையும் மூச்சடக்குவதையும் விட்டுவிடுங்கள். தம்பிக்கோ அக்காவுக்கோ முன்பு மனநோய் வந்திருந்தால், நீங்கள் தீவிர தியான முகாமில் சேருமுன் மனநல மருத்துவரைக் கேளுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. குண்டலினி யோகத்தை அமெரிக்காவில் பரப்பிய யோகி பஜன் 2004 இல் இறந்தார். அவர் மீதான பாலியல் புகார்கள் உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று, அவரது அமைப்புகள் அமர்த்திய விசாரணையே 2020 இல் சொன்னது. தீட்சை என்ற பெயரில் தனியறைக்கு அழைத்தால் போகாதீர்கள். வீட்டுக்குச் சொல்லாதே என்பவர் குரு அல்ல.

எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரி தூரம் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் 108. இரண்டு எண்களையும் இப்போதே கைபேசியில் பதிந்துவையுங்கள்.