போதைப்பொருள் வழக்கும் மறுவாழ்வு அதிகாரியும்

போதைப்பொருள் வழக்கில் மகன் மாஜிஸ்திரேட்டின் முன் நிற்கும்போது பெற்றோரின் கண்கள் நீதிபதியின் முகத்திலேயே பதிந்திருக்கும். தீர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆயினும், அதன் பின்னர் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் அவனைக் கவனித்து வருபவர் வேறொருவர். அவரே மறுவாழ்வு அதிகாரி. தோட்டப்புற மக்களுள் பலர் அவரைப் போலீஸ்காரர் என்றெண்ணி ஒதுங்குகின்றனர். இது பெரும் இழப்பாகும்.

1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், போதைப்பொருள் நாட்டின் முதன்மை எதிரி என அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டில் போதைப்பொருளுக்கு அடிமையானோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறியது. புக்கிட் தெங்கா வட்டாரத்தில் ஓர் இளைஞன் பிடிபட்டான் என வைத்துக்கொள்வோம். சிறுநீர்ச் சோதனை நடைபெறும். அவன் அடிமைப்பட்டவனா என்பதை மருத்துவர் உறுதி செய்வார். பின்னர், மறுவாழ்வு அதிகாரியின் பரிந்துரையைப் பெற்று, அவன் தரப்பையும் கேட்டு, ஈராண்டு மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புவதா, அல்லது வீட்டிலிருந்தபடியே இரண்டு முதல் மூன்றாண்டு கண்காணிப்பில் வைப்பதா என மாஜிஸ்திரேட் முடிவு செய்ய வேண்டும். அச்சட்டம் முதலில் வகுத்த முறை இது. அவனுடைய வயது, உடல்நலம், தொழில், குடும்பநிலை ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றும் சட்டம் கூறியது. 2024-இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியுள்ளதால், கால அளவுகளையும் நடைமுறைகளையும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டறிவதே நலம்.

குடும்பநிலையும் தொழிலும் நீதிமன்றத்துக்கு எவ்வாறு தெரியும்? ஒருவர் சென்று விசாரித்து எழுதினால்தான் தெரியும். இந்தப் பணியின் அருமையை அமெரிக்க நாட்டின் அனுபவம் நன்கு காட்டுகிறது.

அங்கு மியாமி நகரில் 1989-இல் போதைப்பொருள் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் ஒன்று தொடங்கப்பட்டது. சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பி, ஒரே நீதிபதி அவனைத் திரும்பத் திரும்ப அழைத்து முன்னேற்றத்தைக் கேட்பார். இம்முறை பிற நகரங்களுக்கும் பரவியபோது ஒரு தொல்லை வெளிப்பட்டது. சிகிச்சை பெறுபவன் ஒருநாள் மீண்டும் போதைப்பொருளைத் தொட்டுவிட்டால், மருத்துவர் அதை நோயின் குணம் என்பார். அரசு வழக்கறிஞரோ குற்றம் என்பார். இருவரும் தத்தம் படிப்பின்படி பேசினர். நடுவில் அகப்பட்டவன் நோயாளியே.

இவர்களை ஒரு மேசைக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஒருங்கிணைப்பாளர் என்பவரைச் சேர்ந்தது. அவர் தீர்ப்புச் சொல்பவரும் அல்லர், மருந்து தருபவரும் அல்லர். சோதனை முடிவுகளையும் சிகிச்சைக்கு வந்த நாள்களையும் திரட்டி, வழக்கு நாளுக்கு முன்பே நீதிபதி, வழக்கறிஞர்கள், ஆலோசகர் ஆகியோரைக் கலந்துபேசச் செய்வார். 1994-இல் இத்தகைய நீதிமன்றங்களில் பணிபுரிவோர் தேசியச் சங்கம் அமைத்தனர். 1997-இல் வெளியிடப்பட்ட பத்து அடிப்படைக் கூறுகளுள் ஒன்று, எல்லாத் துறையினரும் தொடர்ந்து பயிற்சி பெற வேண்டும் என்பதாகும். மருத்துவர் சட்டத்தையும் வழக்கறிஞர் நோயையும் கற்கின்றனர். நோயாளியின் இரகசியத்தில் எதைப் பிறரிடம் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதும் பாடமே. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு நோயாளியின் கதை லயமெங்கும் பரவினால் அவன் மறுமுறை சிகிச்சைக்கு வருவானா?

நம் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருங்கிணைப்பாளர் என்றொரு பதவியை ஏற்படுத்தவில்லை. அவ்வேலையின் பெரும்பகுதி மறுவாழ்வு அதிகாரியின் தோளில் விழுந்தது. ஒரு சிறு சிக்கலைப் பாருங்கள். நம் நாட்டில் 2005 முதல் ஹெராயின் அடிமைகளுக்கு மெத்தடோன் மருந்து கொடுக்கப்படுகிறது. தொடக்கத்தில் நோயாளி நாள்தோறும் கிளினிக்குக்குச் சென்று, பணியாளர் முன்னிலையில் அதை அருந்த வேண்டும். பால்வெட்டுபவனோ விடியுமுன் மரத்தடிக்குப் போய்விடுகிறான். பால் எடுத்து, நிறுத்து முடிக்க நண்பகல் ஆகிவிடும். கிளினிக்கின் காலை நேரம் அதற்குள் கழிந்துவிடுகிறது. மருந்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். கூலிக்குப் போனால் மருந்து தவறும். இரண்டு வாரத்தில் அவன் பழைய நண்பர்களிடம் திரும்பிவிடக்கூடும். கிளினிக்கோடும் மண்டோரோடும் முன்கூட்டியே பேசி நேரத்தை ஒழுங்கு செய்தால் இது பெரும்பாலும் தீரக்கூடியதே. ஆனால் அவனுடைய வேலை நேரத்தை அதிகாரியிடம் யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோரும் மனைவியும் அதிகாரி விசாரிக்க வரும்போது கதவைச் சாத்த வேண்டாம். “அவன் ஊரில் இல்லை” என்று மறைப்பதால் மகனுக்கு நன்மையில்லை. கண்காணிப்பில் இருப்பவன் குறித்த நாளில் அதிகாரியிடம் வராதிருப்பதும், அனுமதியின்றி ஊர் மாறுவதும் நிபந்தனையை மீறுவதாகும். மீறினால் மூன்றாண்டு வரை சிறையோ பிரம்படியோ இரண்டுமோ விதிக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

கைதாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அடிமைப்பட்டவர் தாமாகவே அதிகாரியிடம் சென்று சிகிச்சை கேட்கலாம். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கேட்கலாம். போகும்போது அடையாள அட்டை, கிளினிக் அட்டை, சாப்பிட்டு வரும் வேறு மருந்துகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு வெட்டுக்குப் போகிறான், எப்போது வீடு திரும்புகிறான் என்பதை ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள்.