இலண்டன் மாநகரில் மூன்று நாள்

ஆண்டர்சன்பேட்டையில் பிறந்தவர்களுக்கு இலண்டன் மாநகர் முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. நம் தங்கவயலைச் 'சின்ன இங்கிலாந்து' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். பங்களாக்களும் கிளப்பும் மாதா கோயில்களும் எழுப்பி, வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரை இங்கே ஓரளவு கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். நகலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அசலைப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே அன்றோ? சுரங்கவியல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கார்ன்வாலுக்கு வந்து சேர்ந்த நமக்கு, ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் ஒழிவாகக் கிடைத்தன. புறப்பட்டுவிட்டோம்.

கார்ன்வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெள்ளீயமும் செம்பும் தோண்டிப் பிழைத்த நாடு இது. கோலாருக்கு வந்த சுரங்கக் காப்டன்கள் பலர் இந்த மண்ணின் மக்களே. இங்குள்ள காம்போர்ன் சுரங்கப் பள்ளி 1888இல் தோன்றியது. 2004 முதல் பென்ரின் என்னும் ஊரில் நடைபெறுகிறது. ஆனால் இவர்களுடைய சவுத் கிராப்டி வெள்ளீயச் சுரங்கம் 1998இல் மூடப்பட்டது. நம் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28ஆம் நாள். மூடிய சுரங்கத்தின் பக்கத்தில் பிறந்து, மூடிய சுரங்கத்தின் பக்கத்திலேயே படிக்கிறோம். மழையைத் தவிர வேறு வித்தியாசம் அதிகம் இல்லை.

இலண்டன் போகப்போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, நம் பாட்டியார் ஒரு வேலை ஏவினார். "அங்கே போனியானா, உங்க தாத்தா தோண்டின தங்கத்தை எங்கே வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வா, ராசா." தாத்தா முப்பது ஆண்டு பூமிக்குள் இறங்கி ஏறியவர், கடைசிக் காலத்தில் இருமியே மெலிந்தவர். எடுத்த பொன்னில் ஒரு குன்றிமணியும் வீட்டிற்கு வந்ததில்லை. பாட்டியார் விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவே கேட்டாரா என்று நமக்கு விளங்கவில்லை. அரண்மனையும் கோபுரமும் காண எண்ணியிருந்த பயணத்தின் போக்கை அந்த ஒரு வாக்கியம் மாற்றிவிட்டது.

வியாழன் இரவு டுரூரோ நிலையத்தில் இரவு ரயில் ஏறினோம். படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. மாணவன் கைக்கு எட்டுவது இருக்கைதான். 16 வயது முதல் 25 வரை உள்ளோர்க்கு ஒரு ரயில் அட்டை விற்கிறார்கள். அதைக் காட்டினால் பெரும்பாலான பயணங்களுக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பிள்ளைகளை இங்கே அனுப்பும் பெற்றோர் முதல் வாரமே வாங்கிக்கொள்ளச் சொல்வது நலம். விடிவதற்கு முன் பாடிங்டன் நிலையம் வந்தது. 1854இல் கட்டிய அந்தப் பெரிய இரும்பு வளைவுகளின் கீழே ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, நகரம் கண்விழிக்கக் காத்திருந்தோம்.

முதற்பணி பாட்டியார் இட்ட பணி. இங்கிலாந்து பாங்கு 1694இல் நிறுவப்பட்டது. அதன் கட்டடம் ஜன்னல் இல்லாத உயர்ந்த மதிலுடன் சிறைச்சாலை போலவே தோன்றுகிறது. உள்ளே நிலவறைகளில் சுமார் 4,00,000 தங்கக் கட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவாம். இங்கிலாந்துக்குச் சொந்தமானவை மட்டும் அல்ல, பல நாட்டு அரசாங்கங்கள் வைத்திருப்பவையும் சேர்த்து. நிலவறைக்குள் நம்மை விடமாட்டார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் பாங்கின் பொருட்காட்சிச்சாலை இருக்கிறது. கட்டணம் இல்லை. சனி ஞாயிறுகளில் திறப்பதில்லை. நாம் வெள்ளிக்கிழமை பிடித்ததற்கு அதுவே காரணம்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மெய்யான தங்கக் கட்டி ஒன்று கிடக்கிறது. பெட்டியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. வருகிறவர் யாரும் கையை விட்டுத் தூக்கிப் பார்க்கலாம். வெளியே எடுக்க முடியாது. நமக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுவர் கூட்டம் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக முக்கித் தூக்கிச் சிரித்தது. நம் முறை வந்தது. கட்டி ஒரு செங்கல் அளவுகூட இல்லை. அலட்சியமாகப் பற்றினோம், மணிக்கட்டு வளைந்துவிட்டது. 13 கிலோ எடை! இரண்டாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டங்குலம் தூக்கினோம். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். அத்தனை பேர் கைபட்டு அது வெதுவெதுப்பாகவே இருந்தது.

இந்தக் கட்டியில் நம் தாத்தா தோண்டிய பொன் ஒரு துளியேனும் இருக்குமா? அதை எவரும் சொல்ல முடியாது. பொன்னை உருக்கிவிட்டால் அதற்கு ஊர் இல்லை, பேர் இல்லை. முதல் உலகப்போருக்கு முன் கோலார்ப் பொன் கப்பலேறி இலண்டனுக்கே வந்தது என்பது மட்டும் உறுதி. நூற்றிருபது ஆண்டுகளில் நம் வயல் ஈன்ற பொன் ஏறத்தாழ 800 டன். இந்த அளவுக் கட்டிகளாக வார்த்தால் அறுபதினாயிரத்துக்கும் மேல் வரும். ஒரு டன் பாறைக்குப் பத்துக் கிராம் பொன் என்று கணக்கிட்டால், நம் கையில் கனத்த அந்த ஒரு கட்டிக்கு 1,300 டன் பாறை உடைத்திருக்க வேண்டும். அந்தப் பாறையின் மாவுதான் நம் ஊரில் சைனைடு மேடாக நின்றுகொண்டு, காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து விழுகிறது. பாங்கில் கட்டி இருக்கிறது. மேடு நம்மிடம் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் தேம்ஸ் நதியும் சவுத்வார்க் பாலமும் வரும். பாலத்திற்குச் சற்று முன்னால் உள்ள சிறு வீதிக்குக் குவீன் ஸ்ட்ரீட் பிளேஸ் என்று பெயர். எந்தச் சுற்றுலாப் புத்தகமும் அதைச் சொல்லாது. அந்த வீதியின் 6ஆம் எண் கட்டடத்தில்தான் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனியின் அலுவலகம் இருந்தது. 1880 முதல் நம் சுரங்கங்களை நிர்வகித்த கம்பெனி அது. எந்த ஷாப்டை ஆழப்படுத்துவது, பங்குதாரருக்கு எவ்வளவு இலாபம் கொடுப்பது என்பனவெல்லாம் இலண்டனில் முடிவாகி, தந்தியிலும் கடிதத்திலும் நம் ஊருக்கு வந்து சேரும். 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்கும் வரையில் அதுவே நடைமுறை.

இன்று அந்த வீதியில் நிற்பவை கண்ணாடியும் கல்லுமான அலுவலகக் கட்டடங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளைஞர் பலர் காப்பிக் கோப்பையுடன் விரைந்துகொண்டிருந்தனர். கோலார் என்று ஒரு பெயரும் அங்கே எழுதியிருக்கவில்லை. கால்மணி நேரம் நின்றோம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் ஒருவன் நிற்கிறானே என்று காவலாளி ஒருவர் அருகில் வந்து, வழி தெரியவேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி நன்றி கூறினோம். பின் பாலத்தின் நடுவில் போய் நின்று நதியைப் பார்த்தோம். கடலின் ஏற்ற வற்றம் நகரத்துக்குள்ளேயே தெரியும் நதி அது. அப்போது வற்றம், கரையில் சேறும் கூழாங்கல்லும் கிடந்தன.

சனிக்கிழமையை எல்லோரையும் போலவே கழித்தோம். கோட்டை, கோபுரப் பாலம், அரண்மனை வாயிற்காவலர் ஆகியவற்றைப் படத்தில் கண்டவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலைக்கு மட்டும் அரைநாள் கொடுக்க வேண்டும். அங்கும் கட்டணம் இல்லை. அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் ஒரு தனி அறையில் இருக்கின்றன. சோழர் காலத்துச் செப்பு நடராசரும் இருக்கிறார். தூபமும் தீபமும் இல்லாமல், ஆடிய பாதத்தை நிறுத்தாமல் கண்ணாடிக்குள் நிற்கிறார். பொன்னுக்கு ஊர் சொல்ல முடியவில்லை; இவற்றுக்குச் சொல்லலாம், பலகையில் எழுதியும் இருக்கிறது.

வயிறு நினைவூட்டியதால் கிழக்கே ஈஸ்ட் ஹாம் சென்றோம். அங்கே கடைப்பலகைகளில் தமிழ் கண்டால் கால் தானாகவே நின்றுவிடும். தோசை கிடைத்தது. எதிரே அமர்ந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்றார். "கோலார்த் தங்கவயல், ஐயா" என்றோம். "அந்தப் படத்தில வாற இடமோ?" என்று கண்கள் மலரக் கேட்டார். 2018இல் வந்த திரைப்படம் நம் ஊருக்கு அப்படியொரு பெயர் தந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கிச் சண்டை எதுவும் எங்கள் ஊரில் நடந்ததில்லை என்றும், வட ஆற்காட்டிலும் சேலத்திலும் இருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்றும் சொன்னோம். "அப்ப நீங்களும் வந்தேறு குடிகள்தான்" என்று சிரித்தார். நம் தோசைக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பாதாள ரயிலில் ஹாம்ஸ்டெட் சென்றோம். இலண்டன் பாதாள ரயில் 1863இல் தொடங்கியது, உலகிலேயே பழையது. அதன் நிலையங்களுள் தரைமட்டத்திலிருந்து மிக ஆழமானது ஹாம்ஸ்டெட். சுமார் 58 மீட்டர். படிகள் 320க்குக் குறையா. அவற்றில் ஏற நினைப்பவர் யோசித்து ஏறுக என்று எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் கொஞ்சம் கர்வமும் வந்தன. சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல்! அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அந்த ஊர்க்காரன் லிப்டில் போகலாமா? படியிலேயே ஏறினோம். மேலே வந்தபோது கர்வம் மூச்சுடன் சேர்ந்து வாங்கிற்று.

அங்கிருந்து இரண்டு நிலையம் திரும்பி வந்தால் சாக் பார்ம். கிங் ஹென்றி வீதி 10ஆம் எண் வீடு அருகில்தான். 1921, 22ஆம் ஆண்டுகளில் டாக்டர் அம்பேத்கர் மாணவராகத் தங்கியிருந்த வீடு. 2015இல் மகாராஷ்டிர அரசு அதை விலைக்கு வாங்கி நினைவகம் ஆக்கியது. குடியிருப்புப் பகுதியில் காட்சிச்சாலை கூடாதென்று எழுந்த வழக்காடலும் 2020இல் தீர்ந்தது. வரிசையான வீடுகளில் ஒன்று. சிறிய அறைகள், மரப்படிகள். கையில் பணமின்றி, அரைவயிறு உண்டு, பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையின் படிப்பறையில் பகலெல்லாம் படித்தவர் அவர். முதல்நாள் நாம் வேடிக்கை பார்த்துத் திரிந்த அதே கட்டடம்!

அவர் எழுதிக்கொண்டிருந்தது எதைப் பற்றி? பொன்னைப் பற்றித்தான். 'ரூபாயின் பிரச்சினை' என்னும் அவருடைய ஆராய்ச்சி நூல் 1923இல் இலண்டனில் வெளிவந்தது. இந்தியாவின் நாணயம் பொன்னோடு எவ்வாறு பிணைக்கப்பட வேண்டும் என்பதே அதன் வாதம். நம் முன்னோர் மாரிக்குப்பத்தில் கேஜில் ஏறி இருளில் இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர்களைப் போலவே ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு மாணவர் இந்த மாடியில் அமர்ந்து, பொன்னின் கணக்கை ஆள்வோரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். 1930இல் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் மீண்டும் இந்நகருக்கு வந்தபோது, உடன் வந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். அதே 1930இல்தான் நம் வயலில் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இவையெல்லாம் நாம் பள்ளியில் படித்ததில்லை. அந்த வீட்டின் ஜன்னலோரம் நின்றபோது ஒவ்வொன்றாய்க் கூடிவந்தன. பாங்கில் ஆறாதிருந்த மனம் இங்கே ஒருவாறு ஆறியது.

வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டுமே அனுமதி. போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

இரவு பதினொரு மணிக்குப் பாடிங்டன் நிலையத்தில் அமர்ந்து வீட்டுக்குப் பேசினோம். குளிர்காலமாதலால் அங்கே விடியற்காலை நாலரை. அண்ணன் பெங்களூர் வேலைக்கு மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாட்டியார் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டியைத் தொட்ட கதையைச் சொன்னோம்.

"எம்மாம் கனம்?"

"13 கிலோ, ஆயா. ஒரு கையால தூக்க முடியல."

சிறிது நேரம் பேச்சில்லை. பாத்திரம் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். ரயில் வந்து நின்றுவிட்டதென்று சொல்லி வைத்தோம். அண்ணன் செருப்பைத் தேடும் குரலும் அதற்குள் கேட்டது.