ஆசிரிய மாணவரின் மீள்நோக்குக் குறிப்பேடு

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் தம் கற்பித்தல் அனுபவங்களைத் தொடர்ந்து எழுதி ஆராயும் ஏடே மீள்நோக்குக் குறிப்பேடாகும். இதன் கோட்பாட்டு அடிப்படையை, ஐயமும் தடுமாற்றமுமே சிந்தனையைத் தொடக்கிவைக்கின்றன என 1910இல் விளக்கிய அமெரிக்கக் கல்வியாளர் ஜோன் டூயியிடம் காணலாம். 1983இல் டொனால்ட் ஷோன், செயலின்போது நிகழும் சிந்தனையையும் செயலுக்குப் பின் நிகழும் சிந்தனையையும் வேறுபடுத்தினார். குறிப்பேடு பின்னதன் கருவியாகும்.

இலங்கையில் 1980களின் நடுப்பகுதியில் தோன்றிய தேசிய கல்வியியற் கல்லூரிகள், ஈராண்டு வதிவிடக் கல்வியையும் ஓராண்டு கட்டுறுப் பயில்வையும் இணைத்தன. அம்பாறைக் கரையோரத்தில் அட்டாளைச்சேனையில் இத்தகைய கல்லூரியொன்று உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களின் வகுப்பறையில் நிற்கும் பயிலுநர் எதனை எழுதவேண்டும் என்பதே நம்முன் உள்ள வினா.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 'எனது குடும்பம்' என்னும் கட்டுரையில் ஒரு பிள்ளை 'வாப்பா', 'உம்மா' என எழுதுகிறது. பயிலுநர் அவற்றை அடித்து 'அப்பா', 'அம்மா' எனத் திருத்துகிறார். பின்னர், 'மொழித்திறன் போதாது. கூடுதற் பயிற்சி தேவை' என அவர் குறித்துவைப்பின் அது வெறும் பதிவேடே. திருத்தப்பட்டது பிழையா, அன்றிப் பிள்ளையின் வீடா? எவருடைய வழக்கு பொதுத்தமிழ் ஆயிற்று? திருத்தத்தின் பின் அப்பிள்ளை வகுப்பில் வாய் திறந்ததா? இவ்வினாக்கள் எழும்போதே மீள்நோக்குத் தொடங்குகிறது. எழுத்துமொழியைக் கற்பிக்கும் கடமை இதனால் நீங்கிவிடுவதில்லை. வீட்டுமொழியை இழிவுபடுத்தாது அதனைக் கற்பிக்கும் வழியே தேடப்படுகிறது.

எனினும், குறிப்பேட்டைப் படிப்பவரே புள்ளியிடுபவராகவும் இருப்பின் முரண்பாடொன்று தோன்றுகிறது. பயிலுநர் கண்டதை விடுத்து, மேற்பார்வையாளர் விரும்புவதை எழுத முனைவர். குறையைத் தம்மீது சுமத்தி, அடுத்த பாடத்தில் அது தீர்ந்ததாக முடிப்பது பழகிய வாய்பாடாகிவிடும். சமூகக் காரணங்கள் தனிமனிதக் குறைகளாகச் சுருங்கிவிடுகின்றன.

சிந்தனையும் செயலும் பிரிக்கவொண்ணாதவை என்ற பாவுலோ பிரெயிரேயின் கருத்து இங்கு மனங்கொள்ளத்தக்கது. குறிப்பேட்டைப் புள்ளியிடலிலிருந்து விடுவித்து, பயிலுநர் குழுவாக அமர்ந்து வாசித்து விவாதித்தல் வேண்டும். ஒருவரின் ஏட்டில் தற்செயலாகத் தோன்றும் பிள்ளையின் மௌனம், பத்துப்பேரின் ஏடுகளிலும் காணப்படுமாயின் அது பாடநூலையும் பாடசாலையையும் நோக்கிய வினாவாகும். அவ்வினாவைக் கூட்டாக எழுப்பும் ஆசிரியர்களை உருவாக்குவதிலேயே குறிப்பேட்டின் பயன் தங்கியுள்ளது.