போரில் தொலைந்த விமானியை எங்கே தேடுவது?

2012-ல் எகிப்தின் சகாரா பாலைவனத்தில், எண்ணெய் நிறுவன வேலையாகப் போனவர்கள் ஒரு பழைய போர் விமானத்தைக் கண்டார்கள். பெரிதாகச் சிதையாமல் மணலில் கிடந்தது. 1942 ஜூன் 28 அன்று டெனிஸ் காப்பிங் என்ற 24 வயது பிரிட்டிஷ் விமானி ஓட்டிச் சென்ற கிட்டிஹாக் விமானம் அது. பழுது பார்க்க வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகும் வழியில் திசை தவறிவிட்டார்.

"அதான் விமானம் கிடைத்துவிட்டதே, தேடல் முடிந்ததல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். முடியவில்லை. பக்கத்தில் பாராசூட் கிடந்தது. வெயிலுக்கு மறைப்பாக அதை விரித்திருப்பார் போலிருக்கிறது. அப்படியானால் தரையிறங்கிய பிறகும் உயிரோடு இருந்திருக்கிறார். ஆனால், இது அவர்தான் என்று உறுதியாகச் சொல்லும்படி எந்த எச்சமும் கிடைக்கவில்லை. விமானம் கிடைப்பது வேறு, ஆள் கிடைப்பது வேறு. இத்தகைய தேடலில் இறங்கும் குடும்பம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

'காணவில்லை' என்று தந்தி வந்தால் என்ன பொருள்? விமானம் திரும்பவில்லை, வேறு எதுவும் தெரியாது என்பதுதான். விமானி எதிரியிடம் சிறைப்பட்டிருக்கலாம், ஒளிந்திருக்கலாம், கடலில் விழுந்திருக்கலாம். பொதுவாக ஆறு மாதம் போல ஒரு தகவலும் வராவிட்டால், 'இறந்ததாகக் கொள்ளப்படுகிறார்' என்று பிரிட்டிஷ் விமானப்படை பதிவு செய்தது. அது கணக்கை முடிக்க எழுதியது. கண்ணால் பார்த்து எழுதியதல்ல. பல தாய்மார்கள் கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் 'கொள்ளப்படுகிறார்' என்ற அந்த ஒரு சொல்தான்.

போர் முடிந்தபின் யாரும் தேடவில்லையா? தேடினார்கள். இதற்கென்றே விமானப்படை தனிப் பிரிவு வைத்திருந்தது. காணாமல் போயிருந்தவர்கள் 40,000-க்கும் மேல். அந்தப் பிரிவினர் ஊர் ஊராகப் போய் விசாரித்து, பெயரில்லாக் கல்லறைகளைத் திறந்து, சட்டையில் தைத்த சலவைக் குறியை வைத்துக்கூட அடையாளம் கண்டார்கள். கடலில் விழுந்தவர்களுக்கு அதற்கும் வழியில்லை. லண்டனுக்கு அருகே ரன்னிமீடில் 1953-ல் திறந்த நினைவகத்தில், கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன.

சரி, இன்று ஒரு குடும்பம் எங்கே தொடங்க வேண்டும்? வீட்டுப் பரணில். பழைய தந்தி, கடிதம், பதக்கப் பெட்டி எதிலாவது அவருடைய படை எண் (ஒவ்வொரு வீரருக்கும் தந்த தனி எண்) இருக்கும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்; எண் ஒருவருக்குத்தான்.

அடுத்து? காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பெயர்ப் பதிவை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இறந்த தேதி, கல்லறை அல்லது நினைவகம், அவர் இருந்த ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) எல்லாம் அதில் கிடைக்கும்.

ஸ்குவாட்ரன் தெரிந்துவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி. ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நாட்குறிப்பு எழுதியது: யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பினார், திரும்பினாரா என்று. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. காணாமல் போனவர்கள் பற்றி விமானப்படை தொகுத்த கோப்புகளும் கட்டம் கட்டமாக அங்கே வருகின்றன. குடும்பத்துக்குப் போன கடிதங்களின் நகல் சில கோப்புகளில் உண்டு. தாத்தாவின் கடைசி நாளைப் பேரப்பிள்ளைகள் முதன்முதலாக அறிவது பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான்.

விழுந்த இடம் தெரிந்தால் நாமே போய்த் தோண்டலாமா? கூடாது. பிரிட்டனில் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவ விமானம் விழுந்த இடத்தை அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு எலும்போ தகடோ இடம் மாறினால் அடையாளம் காணும் வழியே அடைபட்டுவிடும். ஒற்றை இருக்கை விமானமென்றால், எஞ்சின் எண் தெரிந்தாலே ஓட்டியவர் யாரென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அரசாங்கமே தேடித் தராதா? இது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கா தன் வீரர்களின் எச்சங்களைத் தேடிப்போய் எடுத்து ஊருக்குக் கொண்டுவருகிறது. பிரிட்டன் தானாகத் தேடிப் போவதில்லை. தற்செயலாகக் கிடைத்தால் அடையாளம் கண்டு, அந்த நாட்டிலேயே போர்க் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்கிறது.

அப்போது குடும்பம் என்ன தர வேண்டியிருக்கும்? மரபணு மாதிரி (கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தொட்டெடுப்பது). எல்லா உறவும் இதற்குப் பயன்படாது. ஒருவகை மரபணு தாய்வழியில் மட்டும் இறங்குவதால், விமானியின் அக்கா தங்கை, அவர்களின் பிள்ளைகள், அவர்களுடைய மகள்வழிப் பேரப்பிள்ளைகள் உதவுவார்கள். தந்தைவழிக்கு அண்ணன் தம்பியும் அவர்களின் மகன்களும் வேண்டும். விமானிக்குப் பிள்ளை இல்லையே என்று கைவிட வேண்டாம்.

இது வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு மட்டுமா? இல்லை. இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிக்கப்படாத இந்தியாவின் வீரர்கள் 87,000-க்கும் மேல். அவர்கள் பெயர்களும் அதே ஆணையத்தின் பதிவில்தான் இருக்கின்றன. கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி போன்ற இடங்களில் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள். முருகேசன் என்பதை அன்றைய எழுத்தர் எப்படி எழுதினாரோ, யார் கண்டது?

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். உடல் கிடைப்பது அரிது. எங்கே கிளம்பினார், என்ன வேலையாகப் போனார், கடைசியாக எங்கே இருந்தார் என்பதைத் தாள்கள் பல நேரம் சொல்லிவிடும். காப்பிங்கின் பெயர் இன்னும் எல் அலமெய்னில், கல்லறை இல்லாதவர்களுக்கான நினைவகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் எங்கே இறங்கினார் என்று இப்போது தெரியும்.

உங்கள் வீட்டிலும் போருக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், முதல் வேலையாக அந்தப் படை எண் உள்ள தாளைத் தேடியெடுத்துப் படம் பிடித்து வையுங்கள்.