ஈரலைத் தட்டிப் பார்க்கும் கருவி

திருமுல்கேரி கடைகளில் குளிர்பானமும் சிப்சும் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றையே தின்று பருக்கும் பிள்ளைக்கு ஈரலிலும் கொழுப்பு சேரும்.

ஈரல் வலது விலாவுக்கு அடியில் இருக்கிறது. கொழுப்பு சேர்ந்தால் பெரும்பாலும் வலிக்காது. நாளடைவில் தழும்பு விழலாம். தழும்பு விழுந்த ஈரல் இறுகும்.

முன்பு தழும்பை அறிய ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். இப்போது பல பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. 2003-இல் பிரான்சில் ஃபைப்ரோஸ்கேன் கருவி வந்தது.

பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அதுபோல இக்கருவி விலாவின்மேல் லேசாகத் தட்டும். அதிர்வு ஈரலுக்குள் ஓடும். இறுகிய ஈரலில் வேகமாக ஓடும். குத்தல் இல்லை. இரத்தம் இல்லை.

பிள்ளை மிகவும் பருமனா? ஹைதராபாத்தில் அரசு நிலோஃபர் குழந்தைகள் மருத்துவமனை உண்டு. அங்கே காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் ஈரல் தேறும். குளிர்பானத்துக்குப் பதில் மோர் கொடுப்போம். பிள்ளைகளை ஓடியாட விடுவோம்.