நிழலில் நோய் தேடுதல்

சென்ற கோடையில் விடுதித் தமிழ் மாணவர்கள் சேர்ந்து ஒரு கூடை மாம்பழம் வாங்கிச் சுவைத்தோம். கொட்டைகளை முற்றத்தில் எறிந்தவர்களுள் நானும் ஒருவன். மூன்றாம் நாள் நம் விடுதி நாய் மணி சோற்றை ஏறெடுத்தும் பாராமல், குடித்த நீரையும் கக்கிற்று. கால்நடை மருத்துவம் பயிலும் எனக்கு உள்ளம் உறுத்தியது.

மணியை எக்ஸ்-கதிர் அறைக்குத் தூக்கிச் சென்றோம். கொட்டை படத்தில் பளிச்செனத் தெரியும் என்று நண்பர்கள் எண்ணினர். தெரியவில்லை! ஏன்?

1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த இக்கதிர்களை எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் தடுப்பதில்லை. படத்தில் காற்று கருமையாகவும், கொழுப்பு சற்றே கருமையாகவும், தசையும் நீரும் சாம்பல் நிறமாகவும், எலும்பு வெண்மையாகவும், உலோகம் மிக வெண்மையாகவும் விழும். ஆகவே, நாய் விழுங்கிய நாணயத்தைச் சிறு பிள்ளையும் காட்டிவிடும். மாங்கொட்டையோ குடலின் சாம்பல் நிறத்தோடு கலந்து மறைந்துவிடக்கூடும்.

அப்படியானால் மருத்துவர் கண்டது எதை? கொட்டையை அன்று, அது செய்த தீமையை. அடைப்புக்கு முன்னுள்ள குடல் காற்றும் நீரும் தேங்கி உப்பியிருந்தது. அதற்கு அப்பால் சுருங்கிக் கிடந்தது. இதிலும் ஐயம் நீங்காவிடில், பேரியம் கலவையைப் புகட்டி, அது எங்கே தடைப்படுகிறது என்று சில மணி நேரம் அடுத்தடுத்துப் படமெடுப்பர். குடல் ஓட்டையாகியிருக்குமோ என்ற அச்சம் இருந்தால் பேரியம் கொடார். அது வயிற்றறையில் கசிந்தால் பெருங்கேடு.

ஒருக்களித்து ஒன்றும் மல்லாத்தி ஒன்றுமாக இரண்டு படங்களாவது வேண்டும். படம் தட்டையானதால் நிழல்மேல் நிழல் விழுந்து ஏமாற்றும். ‘மூச்சை அடக்கு’ என்றால் நாய் கேட்குமா? ஆதலால் பல சமயம் மயக்க மருந்து கொடுத்தே படமெடுக்கின்றனர். அருகில் நிற்க நேர்ந்தால் ஈயக் கவசம் அணிய வேண்டும்.

இக்கதிருக்கும் எல்லை உண்டு. முழங்கால் மூட்டில் அறுந்த தசைநார் இதில் நேராகத் தெரியாது. மூட்டின் வீக்கத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும். படத்தில் குறையில்லை என்பதற்கு உடலில் நோயில்லை என்பது பொருளன்று.

அன்று மாலையே மணிக்கு அறுவை நடந்தது. வெளிவந்த கொட்டையை என்னிடம் நீட்டினார்கள். யார் எறிந்தது என்று எவரும் கேட்கவில்லை. மணி பிழைத்தது.

அன்பர்களே, மீண்டும் மாம்பழக் காலம் வரும். கொட்டையைக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். நாய் உண்டதையெல்லாம் கக்கினால், ‘நாளை பார்ப்போம்’ என்று இருந்துவிடாதீர்கள்.