பருவம் இல்லாத காட்டில் வேட்டைப் பருவம் எதற்கு?

வட அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் ஆண் வெண்வால் மானுக்குப் புத்தி பிசகும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் அந்தியிலும் இருட்டிலும் நடமாடி, காற்றில் மனித வாடை பட்டாலே மாயமாகிவிடும் அந்த விலங்கு, பெண்மானின் மோப்பம் பிடித்தபடி பட்டப்பகலில் வெட்டவெளியில் திரியும். தீனியை மறந்து மெலியும். துப்பாக்கி இல்லாமல் வில்லோடு தனியாகக் காட்டுக்குள் போகிறவர் காத்திருப்பது இந்த இரண்டு மூன்று வாரங்களுக்காகத்தான். அம்பை நம்பி எய்யக்கூடிய தூரம் முப்பது, நாற்பது மீட்டர். அவ்வளவு அருகில் ஒரு மானை வரவழைக்க, மரத்தில் பரண் கட்டி, காற்றின் திசை பார்த்து, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு கொம்புகளை மோதவிட்டுச் சண்டை நடப்பதாக ஏமாற்றுவது, ஆண்மானின் உறுமலைக் குழலில் ஊதுவது, பெண்மானின் மூத்திர வாடையைத் தெளிப்பது என்று பல தந்திரங்கள் உண்டு. அத்தனையும் பலிப்பதற்கு, அந்த வட்டாரத்து மான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இணைதேடும் நிலையில் இருக்க வேண்டும். அங்கே அது சூரியனை வைத்துப் போட்ட கணக்கு. பினாங்கில் அந்தக் கணக்கு செல்லாது என்பதும், அதனால் மலேசியாவில் மான் வேட்டையை மாதக் கணக்கில் கட்டுப்படுத்த நினைப்பது வீண் என்பதும் என் வாதம்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஆறு மணிநேரத்துக்கு மேல் வித்தியாசம். இரவு நீள நீள, மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினை அதிக நேரம் சுரக்கிறது. அந்தச் சேதி இனப்பெருக்க ஹார்மோன்களை எட்டுகிறது, டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது, கொம்பு முற்றி, அதைப் போர்த்தியிருந்த மென்தோல் உரிகிறது. கர்ப்பகாலம் சுமார் 200 நாள். ஆகவே நவம்பரில் கருத்தரித்த குட்டி மே கடைசியிலோ ஜூனிலோ, புல் துளிர்த்திருக்கும்போது பிறக்கும். பிந்திப் பிறந்த குட்டி அடுத்த பனியைத் தாங்காது. ஒளியே கட்டளையிடுகிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? 1905-இல் நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் விடப்பட்ட வெண்வால் மான்கள் தங்கள் நாட்காட்டியை ஆறு மாதம் தள்ளிவைத்துக்கொண்டன. 1960-களில் ரிச்சர்ட் காஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிக்கா மான்களைக் கொட்டிலில் அடைத்து, விளக்கை ஏற்றி அணைத்தே செயற்கையாக ஆண்டுகளை உருவாக்கினார். ஆண்டைச் சுருக்கியபோது அவை ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொம்பு உதிர்த்து வளர்த்தன. பகலையும் இரவையும் பன்னிரண்டு பன்னிரண்டு மணிநேரமாக மாறாமல் வைத்தபோதோ, பெரும்பாலானவை கொம்பையே மாற்றவில்லை.

அந்தப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கொட்டிலுக்கு வெகு அருகில் இருப்பதுதான் நம் ஊர். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை பாகை வடக்கே இருக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 38 நிமிடம். சென்னையில்கூட ஒன்றரை மணிநேரம் வரும். இங்குள்ள கொடிமலையில் பனியும் பெய்வதில்லை, பிந்திப் பிறந்த குட்டியைத் தண்டிக்கக் குளிர்காலமும் இல்லை. தென் அமெரிக்காவின் வெப்ப வட்டாரங்களில் வாழும் வெண்வால் மான்களைப் பாருங்கள்: வடக்கே நவம்பரில் பித்துப் பிடித்து அலையும் அதே இனம், அங்கே ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடுகிறது. சென்னையின் கிண்டியில் திரியும் புள்ளிமான் கூட்டத்தில் ஒரே நாளில் முற்றிய கொம்பும், மென்தோல் கொம்பும், கொம்பே இல்லாத தலையும் காணக் கிடைக்கும். சூரியன் மட்டும்தான் காரணமென்றால், வெப்பநாட்டு மானை வடக்கே கொண்டுபோனதும் அதுவும் ஒழுங்குக்கு வந்துவிட வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட புள்ளிமான்களைப் பற்றி 1988-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு ஆணும் தன்தன் போக்கிலேயே கொம்பு வளர்த்து உதிர்த்தது தெரிந்தது. ஒளி வெறும் தூதன். தூதன் சொல்வதைக் கேட்கும் பழக்கம், தலைமுறை தலைமுறையாகப் பனியில் குட்டிகளைப் பறிகொடுத்த இனங்களுக்கே வாய்த்தது.

வேட்டைக்குத் திறந்த காலம், மூடிய காலம் என்று ஆண்டைப் பிரிக்கும் ஏற்பாடு இந்தப் பனிநாடுகளில் பொருந்துவது. குட்டி பிறந்து பால் மறக்கும் மாதங்களில் துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் தாயும் தப்பும், சேயும் தப்பும். மலேசியக் காட்டில் எந்த மாதத்தைப் பூட்டுவது? இங்கே ரூசா எனப்படும் கடமானில், எந்த மாதம் சுட்டாலும் விழுவது சினைமானாகவோ பாலூட்டும் மானாகவோ இருக்கலாம். இந்தியாவில் கடமான்கள் பெரும்பாலும் குளிர்மாதங்களில் இணைசேர்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே பருவமழையும் கோடையும் ஆண்டை இரண்டாகப் பிளக்கின்றன. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை கொஞ்சம் குறையும், செப்டம்பர், அக்டோபரில் கூடும், அவ்வளவுதான். காட்டு மரங்கள் கூட்டமாகக் காய்ப்பதுகூட ஆண்டுக் கணக்குக்கு அடங்காமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் குட்டி போடும் விலங்கு வேகமாகப் பெருகத்தானே வேண்டும், அதற்கு ஏன் இவ்வளவு கவலை? பெருகாது. நல்ல தீனி கிடைத்தால் பெண் வெண்வால் மான் பிறந்த ஆண்டிலேயே கருத்தரிக்கும். வளர்ந்தபின் இரட்டைக் குட்டி அதற்குச் சாதாரணம். கடமான் ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். 1900 வாக்கில் அருகிப்போயிருந்த வெண்வால் மான் இன்று கோடிக்கணக்கில் பெருகியிருப்பதைக் காட்டி, வேட்டையை அனுமதித்தும் இனத்தைக் காக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட 2009-இல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தடை கொண்டுவந்தபோது, கடமான் பல காடுகளில் கண்ணில் படாத நிலைக்கு வந்திருந்தது. உலக அளவிலும் 2008 முதல் அது அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. மலாயாப் புலிக்கு வேண்டிய பெரிய இரை அதுதான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொல்லிற்று.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதே கடமானை ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு அங்கே அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட மான் அது. மாதம் பார்க்கத் தேவையில்லை என்று அந்த அரசு சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது. நாமும் அதே அறிவியலிலிருந்து எதிர்த்திசை முடிவுக்கு வருகிறோம், ஏனென்றால் நம்மிடம் மான் இல்லை. வில் நேர்மையான கருவி, ஒரு மனிதன் ஓர் அம்பால் எத்தனை மானைக் கொன்றுவிட முடியும் என்பது பலருக்குப் பிடித்த வாதம். இணைதேடும் பித்து ஊர் முழுக்க ஒரே வாரத்தில் பிடிக்காத இந்தக் காட்டில், பரணில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் கொசுக்கடியோடு இறங்க வேண்டியிருக்கும் என்பதால், அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் இங்கே மானைத் தீர்ப்பது கம்பிக் கண்ணி. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. ஆண், பெண், சினை என்று பார்க்காமல், கட்டியவர் மறந்துபோன பிறகும் அந்தக் கண்ணி அறுக்கிறது. எனவே தடையை என்றாவது தளர்த்துவதானால், கேமராப் பொறிகளை வைத்து எண்ணி, ஒவ்வொரு காட்டுக்கும் இத்தனை தலை என்று உரிமம் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை தெரியாத காட்டில் ஒன்றுகூடக் கொடுக்கலாகாது.